சபுராளிகள் கட்டிய ஊர்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இன்று நின்று பார்ப்பவருக்குக் கடல் தென்படாது. உயர்ந்த அலுவலகக் கட்டடங்களே கண்ணை மறைக்கும். ஆயினும் அத்தெருவின் பெயர் மலாய் மொழியில் நீர் விரிகுடாவைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணிட்டுக் கடலைத் தூர்க்கும் வரை அலைகள் அத்தெருவின் விளிம்பில்தான் வந்து மோதின. அங்கே சிறு தொலைவுக்குள் மூன்று வழிபாட்டிடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்று, 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பப்பட்டதே தவிர, அங்கே அடக்கத்தலம் ஏதுமில்லை. அடுத்தது, 1839இல் தொடங்கி 1842இல் முடிந்த தியான் ஹொக் கெங் என்னும் சீனக் கோயில். தங்களைப் பத்திரமாகக் கரைசேர்த்ததாக நம்பிய கடல் தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர்கள் கட்டியது. மூன்றாவது, 1827இல் ஓலைக் குச்சாகத் தொடங்கி 1850களில் செங்கல் கட்டடமாக மாறிய அல்-அப்ரார் பள்ளிவாசல். குச்சுப் பள்ளி என்ற பழைய பெயர் இன்னும் அதனைவிட்டு நீங்கவில்லை.

தர்காக்கள் குறித்து நம் சமுதாயத்தில் நிலவும் கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவர். அவ்விவாதத்துக்கு இது இடமன்று. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்தது 1819இல். அதிலிருந்து பத்து ஆண்டுகள் கழிவதற்குள், பெரும்பாலும் படகோட்டிகளும் சுமைகூலிகளும் சிறு வணிகர்களுமாக இருந்த ஒரு கூட்டம், பிறந்த மண்ணின் பெயரை அந்நியக் கரையில் நட்டுவிட்டது. அயல்நாட்டில் உழைக்கப் போகிறவர்களின் மன நெருக்கடியைப் பற்றியும், அவர்களுக்குச் சமூகம் தரும் ஆதரவைப் பற்றியும் இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நடக்கின்றன. அதே பொருளை நம் முன்னோரின் வரலாற்றில் வைத்துப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலாக்கா நீரிணைக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையிலான போக்குவரத்து ஆங்கிலேயருக்கு முற்பட்டது. கெடா சுல்தான்களின் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தனர். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, அவர்களில் பலர் கெடாவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் அங்கே சென்றனர். சூலியாக்கள் என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். சோழர் என்ற பெயரின் திரிபு அது என்பர். 1794இல் லைட் தம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், தீவில் ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடியிருப்பதாகவும், அவர்களைத் தவிர ஆண்டுதோறும் 1300 முதல் 2000 ஆடவர் வரை கப்பல்களில் வந்து, வணிகமும் கூலிவேலையும் செய்து, சில வெள்ளிக் காசுகளைச் சேர்த்ததும் ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவதாகவும் குறிப்பிடுகிறார்.

அந்த அறிக்கையில் நம் ஊர்களின் பல தலைமுறை வாழ்க்கை அடங்கிவிடுகிறது. போவது, சேர்ப்பது, திரும்புவது, மகனை அனுப்புவது. நாகூர், காரைக்கால் பக்கங்களில் இவ்வாறு செல்பவருக்குச் சபுராளி என்று பெயர். ஸஃபர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பயணத்தையே குடியுரிமையாகக் கொண்டவர் என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். அக்கரையில் அவர் வந்தேறி. இக்கரையிலோ, ஊர் வந்த மறுநாளே எப்போது திரும்புகிறீர்கள் என்று விசாரிக்கப்படும் விருந்தாளி.

அவர்கள் என்ன வேலை செய்தனர்? சிங்கப்பூர் ஆற்றில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் படகுத் தொழில் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் சூலியாக்களின் கையில் இருந்தது. பிறகே அது சீனர்களிடம் சென்றது. பினாங்கில் துறைமுகச் சுமைகூலிகள் பலர் நம்மவர். சிலர் பணமாற்றுக்காரர், சிலர் கால்நடை வணிகர், சிலர் துணிக்கடைச் சிப்பந்திகள், சிலர் குதிரைக்காரர். மரைக்காயர்களின் கப்பல்களைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். அக்கப்பல்களின் மேல்தட்டில் மழையிலும் வெயிலிலும் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்து வந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி.

அம்மக்களின் துன்பம் எவ்வகைப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் கடும் உழைப்பும் ஒருபுறம் இருக்கட்டும். சந்தையில் விலை கேட்கவும் மலாய் தெரிய வேண்டும். எசமானரிடம் பேச ஒரு மொழி, காவற்காரனிடம் பேச ஒரு மொழி. பிறர் தம்மை அழைக்கும் பெயரும் தாம் தேர்ந்துகொண்டது அன்று. கலிங்கம் என்ற பழம்பெயரிலிருந்து வந்த கெலிங் என்னும் சொல் தொடக்கத்தில் வெறும் அடையாளமாக இருந்து, காலப்போக்கில் வசையாகத் தடித்துப்போனது. மாமா என்ற நம் உறவுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் மாமாக் என்னும் பெயரும், சொல்பவரின் குரலைப் பொறுத்து அன்பாகவும் இளக்காரமாகவும் ஒலிக்கும். கடை மூடியபின் அதே கடையின் தரையில் பாய் விரித்துப் படுப்பவனுக்குத் தனிமையும் இல்லை, துணையும் இல்லை. இவை எல்லாவற்றையும்விட நாம் பெரிதாகக் கருதுவது ஒன்றுண்டு. கப்பல் கூலியைக் கடனாகப் பெற்று வந்தவன் வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியாது. கடன் கொடுத்தவரும் ஊர்க்காரர், வீட்டில் காத்திருப்போரும் அதே ஊர்க்காரர். ஆகவே நோயுற்றாலும் ஏமாற்றப்பட்டாலும் நலம், நலமறிய ஆவல் என்றே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஊர் ஏக்கம் ஈமானின் பலவீனம் என்று சொல்வோர் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஹிஜ்ரத்தின் முதல் மாதங்களை நினைவூட்டுவது நம் கடமை. மக்காவிலிருந்து மதீனா வந்த முஹாஜிர்களுக்கு அவ்வூரின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடும் காய்ச்சலில் வீழ்ந்தனர். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கில் வளரும் புல்லையும், அங்குள்ள நீர்த்துறையையும், இரண்டு மலைகளையும் பெயர் சொல்லி, மீண்டும் ஓர் இரவு அங்கே கழியுமா என்று ஏங்கிப் பாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பிலால் (ரலி) அவர்களுக்கு மக்கா என்ன கொடுத்தது? அவர் அங்கே அடிமை. அம்மண்ணின் கொதிக்கும் மணலில் மார்பில் பாறை ஏற்றி வதைக்கப்பட்டவர். அவருடைய மூதாதையர் மண்ணும் அதுவன்று, அபிசீனியா. அப்படியிருந்தும் அவர் நெஞ்சு அந்தப் புல்லைத் தேடியது. இதைக் கேள்வியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல், அல்லது அதைவிட மிகுதியாக, மதீனாவை எங்களுக்கு விருப்பமானதாக ஆக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். புதிய ஊர் மனத்துக்கு இனிதாவது தானாக நிகழ்வதன்று, துஆச் செய்து பெற வேண்டியது என்பதே நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்வது.

துஆவோடு ஏற்பாடும் நடந்தது. முஹாஜிர் ஒருவருக்கு அன்சாரி ஒருவர் சகோதரர் என்று பிணைக்கப்பட்டனர். ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் நன்றி கூறிவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். மேடைகளில் இதை அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் தன்மானத்துக்குச் சான்றாகவே எடுத்துரைப்பது வழக்கம். வழியைக் காட்ட ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம்மவருக்கு அப்படி வழிகாட்டியவர் யார்? மலாய் மக்கள் ஒரே கிப்லாவை நோக்கியவர்கள். பள்ளிவாசலில் இடம் தந்தனர், பெண் கொடுத்தனர். ஆனால் அன்றாட உதவி பெரும்பாலும் முந்திய கப்பலில் வந்த தமிழரிடமிருந்தே கிடைத்தது. நேற்றைய முஹாஜிரே இன்றைய அன்சாரி. பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதிர் முகைதீன் அவர்களில் முதன்மையானவர். கம்பெனி அவரைத் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, கப்பித்தான் கெலிங் என்னும் பதவிப் பெயரோடு அங்கீகரித்தது. 1801இல் கம்பெனி வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. வசைச்சொல்லாக மாறிய சொல் ஒரு பள்ளிவாசலின் முகப்பில் மதிப்போடு நிற்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

நாட்டுக் கப்பித்தான் என்பவர் பள்ளி கட்டுபவர் மட்டுமல்லர். சில்லறை வழக்குகளைத் தீர்த்து வைப்பவரும், ஆட்சியாளருக்கும் கூலிக்காரனுக்கும் நடுவே நின்று பேசுபவரும் அவரே. மொழி தெரியாதவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. காதிர் முகைதீன் 1834இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற வக்ஃபு நிலங்களின் நிர்வாகம் பின்னாளில் சீர்கெட்டது. நிலைமையைச் சீராக்க 1905இல் அரசாங்கம் அறக்கட்டளைச் சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கான வாரியம் அமைக்க நேர்ந்தது. வக்ஃபைத் தின்னும் நோய் கடல் கடந்தும் தொற்றும் போலும்.

சிங்கப்பூரில் சூலியாப் பள்ளி எனப்படும் ஜாமிஆ பள்ளிவாசல் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் பெயர் அன்சார் சாகிபு. இத்தகைய பெயர்ப் பொருத்தத்தை நாமாகத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அப்பள்ளியை ஒட்டிய தெரு பள்ளிவாசல் தெரு என்றே பெயர் பெற்றது. சற்று அப்பால் மாரியம்மன் கோயில். வடக்கே கம்போங் கப்பூர்ப் பகுதியில் குதிரைப் பந்தயத் திடலைச் சார்ந்து பிழைத்த குதிரைக்காரரும் சிறு வணிகரும் தொழுவதற்கு ஒரு பள்ளி உண்டாயிற்று. வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த அப்துல் கஃபூர், கடைகளையும் வீடுகளையும் கட்டி, அவற்றின் வாடகையைப் பள்ளிக்கு வருவாயாக்கினார். அவர் பெயரிலேயே 1907இல் புதிய கட்டடம் எழத் தொடங்கியது. எழுத்தர் ஒருவர் தம் காலத்துக்குப் பின்னும் கூலிக்காரர்களின் பள்ளி நிலைக்கும்படி கணக்குப் போட்டு வைத்தார்.

பள்ளிவாசல் அவர்களுக்கு ஐவேளைத் தொழுகைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. புதிதாய் இறங்கியவன் ஊர்ப்பெயரைச் சொல்லி ஆள் விசாரிக்கும் இடம் அது. வேலை இருக்கிறது என்ற செய்தி பரவும் இடமும் அதுவே. எழுதத் தெரியாதவனுக்கு யாரேனும் கடிதம் எழுதித் தருவார். ஊரிலிருந்து வந்த மறுமொழி சில வேளை அரபுத்தமிழில் இருக்கும். தமிழ் எழுத்து கற்பிக்கப்படாத பல பெண்கள் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழில் எழுதினர். கணவனுக்கு எழுத வேண்டியதைப் பிறர் கையில் ஒப்படைக்காமல் தாமே எழுத அவர்களுக்கு அது வழிசெய்தது. அரபுத்தமிழின் பெருமையாகக் காப்பியங்களையும் மார்க்க நூல்களையும் பட்டியலிடுகிறோம். இந்தக் கடிதங்களையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

உணவையும் மறந்துவிடலாகாது. பினாங்குத் துறைமுகத்தில் தோளில் தண்டு சுமந்து, அதன் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்க, தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விற்றனர் நம் மக்கள். நாசி கண்டார் என்று இன்று மலேசியா முழுவதும் பெயர்பெற்ற உணவின் பிறப்பு அது. கண்டார் என்பது அந்தத் தோள் தண்டைச் சுட்டும் சொல். பகலெல்லாம் மூட்டை தூக்கியவனுக்கு நாக்கு அறிந்த ருசியில் ஒரு கவளம் கிடைத்தால், அன்றைய பொழுதை அவன் தாங்கிவிடுவான். செய்தித்தாளும் வந்தது. சி.கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் 1890 வரை வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1875இல், சிங்கை வர்த்தமானியை அவர் நடத்தினார். தம் மொழியில் ஒரு தாள் அச்சாகும் ஊர் முற்றிலும் அந்நிய ஊராக இருக்க இயலாது.

இவ்வளவும் சொன்னதால் எல்லாம் நலமாகவே இருந்தது என்று எவரும் எண்ண வேண்டா. ஊர்ப்பற்று அணைத்ததைப் போலவே கட்டவும் செய்தது. வேலை வாங்கித் தந்த ஊர்க்காரரிடம் கூலியைப் பேரம் பேச முடியாது. கடைத்தரையில் படுக்க இடம் தந்தவரை எதிர்த்துப் பேச முடியாது. தன் ஊரான் அல்லாத தமிழ் முஸ்லிமை மற்றோர் ஊரார் வேற்றாளாக நடத்தியதும் உண்டு.

குடும்பத்தின் நிலை இன்னும் கடினமானது. மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றியவர்களின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானக்கான் என்று பெயர் பெற்றனர். அவர்கள் ஆற்றல் மிக்க சமுதாயம். 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரே ஜாவி பெரானக்கான் என்பதுதான். அந்தப் பெருமையின் மறுபக்கத்தில், நம் கரையோர வீடுகளில், கப்பல் வரும் பருவத்தை எண்ணிக்கொண்டிருந்த முதல் மனைவியர் இருந்தனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் சென்றபோது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் புலம்பியதைக் கேட்டார்கள் என்றும், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள் என்றும், நான்கு மாதம் அல்லது ஆறு மாதம் என்ற விடையைக் கொண்டு படைவீரர்களின் பணிக்காலத்துக்கு வரம்பு விதித்தார்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு. மிம்பரில் இதை நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மகனை அனுப்பியிருக்கும் தந்தையர் தலைகுனிந்து அமர்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறோம். அவர்களை எப்படிக் குறைசொல்வது? நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் பலருக்குத் தந்தை என்பவர் அலைபேசித் திரையில் தோன்றும் முகம்.

இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தவர்கள் கடையநல்லூர் மக்கள். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் நெசவாளர்களின் ஊர். ஆலைத்துணி வந்து கைத்தறியை நலிவித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்ற கடையநல்லூராரும் தென்காசியாரும் தஞ்சோங் பகார் பகுதியில் தங்கித் துறைமுகத்தில் கூலிகளாயினர். கரையோர ஊர்களின் வணிகரைப் போலன்றி, இவர்கள் காலப்போக்கில் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றனர். கோஷா குறித்து நம் ஊர்களில் நிலவிய கண்டிப்பை அறிந்தவர்கள், ஒரு முஸ்லிம் பெண் அயல்நாட்டுச் சந்தையில் அமர்ந்து மஞ்சளும் மிளகாயும் விற்பதற்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும் என்று விளங்கிக்கொள்வர். அந்தக் காசு வீட்டு அடுப்பை எரித்தது. நம் சமுதாய வரலாறுகளில் கப்பலோட்டிய மரைக்காயருக்கு ஓர் அதிகாரம் உண்டு. அம்மி அரைத்த பெண்களுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கப்பட வேண்டும்.

குடும்பம் வந்ததும் தேவைகள் மாறின. பிள்ளைகள் எங்கே படிப்பர்? மையித்தை யார் தூக்குவர்? தனியாளின் துயரத்துக்கு ஒரு தோழன் போதும், குடும்பத்தின் துயரத்துக்கு அமைப்பு வேண்டும். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. தென்காசி, தக்கலை, தோப்புத்துறை, கூத்தாநல்லூர் என்று ஊர்ப்பெயரைத் தாங்கிய வேறு சங்கங்களும் அத்தீவில் உண்டு. இத்தகைய சங்கங்களுக்கு நோயும் மரணமுமே முதல் வேலை. சந்தா சில்லறைக் காசுதான். ஆனால் தான் இறந்தால் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்க ஆட்கள் உண்டு என்ற உறுதி அக்காசுக்குக் கிடைத்தது. அநாதையாய்ச் சாவோமோ என்ற அச்சமே புலம்பெயர்ந்தவனின் இரவுகளைத் தின்னும் அச்சம்.

சங்கம் தோன்றிய சிறிது காலத்தில் போர் வந்தது. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 செப்டம்பர் வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, பணமும் வரவில்லை. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரப் படமிட்ட நோட்டு, போர் முடிந்ததும் வெறுந்தாளானது. இக்கரையில் கணவன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாமல் பெண்கள் காத்திருந்தனர். காணாமற்போன கணவனுக்காக அவன் வயதொத்தோர் இறக்கும் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. மாலிகி மத்ஹபின் நான்காண்டு வரம்பை ஏற்கலாம் என்று இந்திய உலமாக்கள் 1930களில் வழி திறந்தனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் நான்காண்டு கணவனைப் பற்றிய செய்தியே இல்லாத பெண்ணுக்கு விடுதலை கோரும் உரிமை தந்தது. போர் அந்த வரம்பை எட்டுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது முடிந்தது. ஃபிக்ஹு பாடத்தில் மஃப்கூத் என்ற தலைப்பை நடத்தும்போது இந்த ஆண்டுகளை மாணவர்களுக்கு நினைவூட்டுவது நம் வழக்கம்.

போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. துறைமுகக் கூலிகளும் மசாலா விற்றவர்களும் வசித்த பகுதியில், சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரில் எழுந்த பள்ளி. பின்னர் மேக்ஸ்வெல் சாலையில் அது நடந்தது. 1960இல் உயர்நிலை வகுப்புகளும் சேர்ந்தன. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி அத்தீவில் அது ஒன்றே. ஒரு முஸ்லிம் ஊர்ச்சங்கம் தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது சிங்கப்பூர்த் தமிழர் அனைவருக்கும் உரியதானது. ஆங்கிலக் கல்வியின் பக்கம் பெற்றோர் சாய்ந்ததால் மாணவர் குறைந்து 1982இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டு திறந்த தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவரின் பெயரைத் தொடர்ந்து தாங்கியது.

1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம் வரை ஆட்களை ஏற்றிச் சென்றது. பெரும்பாலோர் மேல்தட்டுப் பயணிகள். ஒரு வாரம் அளவுக்கு நீடித்த அப்பயணத்தில் ஒருவன் எவர் பக்கத்தில் பாய் விரித்தானோ அவரே அக்கரையில் அவனுக்கு முதல் உறவு. விமானத்தில் நான்கு மணி நேரத்தில் போய் இறங்குபவனுக்கு அப்படியோர் உறவு அமைவதில்லை. கப்பலை நாம் புகழவில்லை, அதன் நாற்றத்தையும் வாந்தியையும் அனுபவித்தவர்கள் புகழவும் மாட்டார்கள்.

இன்று சிங்கப்பூர் செல்லும் கட்டுமானத் தொழிலாளியின் நிலையைப் பாருங்கள். தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் செல்பவர்களே அத்தொழிலில் மிகுதி. அவர் வேலை அனுமதி அட்டையில் வாழ்பவர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலாது. வேலை முடிந்தால் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். எனவே கடையநல்லூரார் செய்தது போல் வேர்பிடித்துச் சங்கம் அமைக்கவோ பள்ளி தொடங்கவோ அவருக்கு வழியில்லை. சூலியாக்கள் நகரின் நடுவே வாழ்ந்தனர். இவர் நகரின் ஓரத்தில், பல்லாயிரம் பேர் தங்கும் விடுதிகளில் வாழ்கிறார். பழைய சபுராளிக்குக் கடிதம் வர மாதங்களாகும், பக்கத்தில் ஊர் இருந்தது. இவருக்கு வீடு எப்போதும் கைபேசியில் இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மொழி தெரியவில்லை. பிள்ளையின் காய்ச்சலும் தங்கையின் திருமணக் கடனும் அந்தந்த நிமிடமே வந்து சேர்ந்துவிடுகின்றன. எதையும் மறைத்து நலம் என்று எழுதிவிட்டு ஆறுதல் அடையவும் முடியாது, காணொளியில் முகம் காட்ட வேண்டும்.

2020இல் தொற்றுநோய் பரவியபோது அவ்விடுதிகள் பூட்டப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளான ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியிருந்தது. நகர மக்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் அவர்களுக்கு நெடுங்காலம் தளரவில்லை. ரமலான் மாதம் அந்த அடைப்புக்குள்ளேயே வந்து போயிற்று. நோன்பு வைத்தவர்களுக்கு ஸஹர் உணவும் இஃப்தார் உணவும் விடுதிகளுக்கே கொண்டு செல்லப்பட்டன. அதற்காக உழைத்தவர்களில் அந்நாட்டு முஸ்லிம் தன்னார்வலர்களும் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரின் பாட்டனார் தஞ்சோங் பகாரில் மூட்டை சுமந்தவரோ, எத்தனை பேரின் பாட்டியார் மிளகாய் அரைத்தவரோ, அல்லாஹ்வே அறிவான். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் நிலபுலம் உடையவராயினும் வழியில் கைவறண்டு நிற்பவருக்கு உரிமை உண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. விடுதிக் கட்டிலில் கிடப்பவரை அவ்வகையில் வைத்து நோக்கலாமா என்பதை அங்குள்ள ஆலிம்கள் ஆராய வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

அப்துல் கஃபூர் கட்டி வைத்த பள்ளியிலும், அன்சார் சாகிபு தொடங்கிய பள்ளியிலும் இன்றும் ரமலானில் இஃப்தாருக்கு இடமுண்டு. தஞ்சைக் கரையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் அக்கரை சென்ற நோன்புக் கஞ்சி பெரிய அண்டாக்களில் காய்கிறது. விடுமுறை நாள்களில் விடுதிகளிலிருந்து பேருந்தேறி வரும் வங்காளத் தொழிலாளர்களும் வரிசையில் அமர்கின்றனர். கஞ்சி என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. கிண்ணத்தை நீட்டுகின்றனர். ஊற்றுபவர் இன்னும் வேண்டுமா என்று தமிழில் கேட்கிறார், அவர்கள் தலையசைக்கின்றனர்.